விசுவமடுவில இருந்து ரொறன்ரோ: உண்மையில எத்தனை மணித்தியாலம்?

#1 நெத்தலியாறு

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் விசுவமடு. அம்மா வாற ஆவணி கனடா போறா, அக்காவுக்குப் பிள்ளைப்பெறு. அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் வருத்தம் இருக்கு. இதுவரைக்கும் பிளேன் ஏறினதில்லை. கொழும்புக்கே நாலைஞ்சு தரம்தான் போயிருக்கிறா.

என்ர பிரச்சினை என்னெண்டால் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லினம். இன்ரநெற்றில தேடினால் கொழும்பு – ரொறன்ரோ 13,994 கிமீ, பறக்கிற நேரம் பதினேழரை மணித்தியாலம் எண்டு வருது. ரிக்கற்றைப் பார்த்தால் விடிய 3 மணிக்கு கட்டுநாயக்காவில ஏறி, டுபாயில மாறி, அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு இறங்கிறதாம். அப்ப 13 மணித்தியாலம்தானே? அக்கா சொல்லுறா ஒன்றரை நாள் எண்டு.

அம்மா 13ஐப் பிடிச்சுக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா. "வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய்க் கிளினிக் காட்டி வாற நேரம்தானே" எண்டுறா. எது சரி?

#2 முறிகண்டி கச்சான்

மூண்டும் சரி.

#3 ஸ்காபரோ கிழவன்

பிள்ளை, ரிக்கற்றில இருக்கிற நேரம் அந்தந்த ஊர் நேரம். ஏறுற நேரம் இலங்கை மணிக்கூடு, இறங்கிற நேரம் கனடா மணிக்கூடு. ரெண்டையும் நேர கழிக்கக்கூடாது.

கோடையில, அதாவது பங்குனி நடுவில இருந்து கார்த்திகைத் தொடக்கம் வரைக்கும், நாங்கள் உங்களை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. மாரியில பத்தரை. ஆவணியில ஒன்பதரை. உங்கட 13ஓட ஒன்பதரையைக் கூட்டுங்கோ, இருபத்திரண்டரை வரும்.

பிரிச்சுப் பார்த்தாலும் அதேதான். கட்டுநாயக்கா – டுபாய் நாலரை மணித்தியாலம். டுபாயில நாலு மணித்தியாலம் குந்தியிருக்கோணும். அங்கயிருந்து ரொறன்ரோ கிட்டத்தட்ட 14. கூட்டினால் இருபத்திரண்டரை. நான் 2011இல இருந்து நாலுதரம் வந்து போயிட்டன், அந்தப் பதினாலு மணித்தியாலம் ஒருநாளும் குறைஞ்சதாத் தெரியேல்லை.

திரும்பி வரேக்க இன்னும் பகிடி. வெள்ளி இரவு பத்துக்கு இங்க ஏறினால் ஞாயிறு காலமைதான் கட்டுநாயக்கா. சனிக்கிழமை எங்க போனதெண்டே தெரியாது. அம்மா சனி விரதம் பிடிக்கிற ஆள் எண்டால் முதலே சொல்லி வையுங்கோ.

#4 நெத்தலியாறு

நன்றி ஐயா. அம்மா சனி விரதம்தான், அது வேறை ஒரு வழக்கு. அப்ப அந்தப் பதினேழரை எங்கயிருந்து வந்தது? நேரடி பிளேன் ஒண்டு இருக்கோ?

#5 கண்டாவளை வாத்தியார்

நேரடி விமானம் கிடையாது. பதினேழரை என்பது ஒருவரும் பறக்காத பறப்பின் நேரம். அந்தத் தளங்கள் இரண்டு ஊர்களின் அகலக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் எடுத்து இடைத்தூரத்தைக் கணக்கிட்டு, அதை ஏதோ ஒரு சராசரி வேகத்தால் பிரித்துத் தருகின்றன. 14,000ஐ 800ஆல் பிரித்துப் பார், உன் பதினேழரை வந்துவிடும். விமானம் இருக்கிறதா, எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெரிய ஜெட் விமானங்கள் மேலே போனபின் ஏறக்குறைய 900இல் பறக்கும்.

தூரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்.

சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்தால் கனடாவுக்குப் போக அரேபியா, ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே ஒரு கோடு போடத் தோன்றும். வகுப்பில் நான் ஒரு வத்தகப்பழத்தைக் கொண்டுபோவேன். காம்பை வடமுனை என்று வைத்து, நடுவயிற்றுக்குச் சற்று மேலே ஒரு ஈர்க்குக் குத்துவேன், அது நாங்கள். சுற்றி மறுபக்கம் போய், காம்புக்கும் நடுவயிற்றுக்கும் பாதியில் இன்னொன்று, அது ரொறன்ரோ. இரண்டுக்கும் இடையில் தையல் நூலைப் பிடித்து இறுக்கச் சொல்வேன். நூல் பக்கவாட்டில் நில்லாது, வழுக்கிக்கொண்டு காம்படிக்கு ஏறிவிடும். அதுதான் பெருவட்டம், பந்தின் மேல் ஆகக் குறுகிய வழி. பிறகு பழத்தை வெட்டிச் சாப்பிடுவோம். பாடம் மறந்த பிள்ளைகளும் பழத்தை மறக்கவில்லை.

கட்டுநாயக்காவின் நெடுங்கோடு கிழக்கு 79.9 பாகை. ரொறன்ரோவினது மேற்கு 79.6. கிரீன்விச்சுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எவ்வளவோ, அந்தப் பக்கம் அவர்கள் ஏறக்குறைய அவ்வளவு. அதனால்தான் நூல் அவ்வளவு வடக்கே ஏறுகிறது: ராஜஸ்தான், யூரல் மலைப்பக்கம், வெண்கடல், பிறகு 72 பாகை வடக்கு வரை போய், கிறீன்லாந்தைக் கடந்து கீழே இறங்கும். அந்த நூலின் நீளம்தான் உன் 13,994.

டுபாய் வழியாகப் போனால்? கட்டுநாயக்கா – டுபாய் 3,290 கிமீ, டுபாய் – ரொறன்ரோ 11,080. மொத்தம் 14,370. லண்டன் வழியென்றால் 8,700உம் 5,700உம் சேர்த்து 14,400. நேர்வழியைவிட 400 கிமீதான் கூட. ஆகவே "சுத்திக்கொண்டு போறம்" என்று எவராவது புலம்பினால் நம்பாதே. சுற்று அங்கே இல்லை.

கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோவுக்கு நூல் பிடித்தால் 13,780 கிமீ. கட்டுநாயக்காவைவிட நாங்கள் கனடாவுக்கு 200 கிமீ கிட்ட இருக்கிறோம். அம்மா கனடா போவதற்கு முதலில் கனடாவிலிருந்து விலகி முந்நூறு கிலோமீற்றர் தெற்கே போகிறா.

#6 முறிகண்டி கச்சான்

வாத்தியார், இரணைமடுவில ஓடுபாதை கிடக்கு. அதில ஒண்டை இறக்கினால் அம்மா சைக்கிள்ளயே போய் ஏறலாம்.

#7 பாலியாறு

எனக்கு ஒரு சந்தேகம், ஒருத்தரும் சிரிக்கப்படாது. பூமி மேற்கில இருந்து கிழக்க சுத்துது. அப்ப பிளேன் மேல போய்ச் சும்மா நிண்டாலே கனடா கீழ வந்து சேரோணுமே? மேற்க போறது கெதியா முடியோணும். ஆனா ஸ்காபரோ ஐயா போகேக்க 14 எண்டுறார். வரேக்க எவ்வளவு?

#8 ஸ்காபரோ கிழவன்

ரொறன்ரோ – டுபாய் 13க்குள்ள வந்திடும். போறதை விட ஒரு மணித்தியாலத்துக்கு மேல மிச்சம். காரணம் வாத்தியார் சொல்லுவார், எனக்கு நித்திரை வருது.

#9 கண்டாவளை வாத்தியார்

நல்ல கேள்வி, சிரிக்க ஒன்றுமில்லை. பூமி சுற்றும்போது காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. அப்படி இல்லாவிட்டால் முற்றத்தில் நிற்கிற எங்களைக் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும். மேலே நின்றால் நின்ற ஊருக்கு மேலேதான் நிற்பாய்.

வித்தியாசம் வருவது வேறொரு காற்றால். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரி ஓடும் காற்று இருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 160 கிமீக்கு மேல் சாதாரணமாக வீசும். கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போவதை மறிக்கும். மாரியில் இன்னும் பலம். வைகாசிச் சோளகத்துக்கு எதிரே பரந்தன் வெளியில் சைக்கிள் உழக்கினவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போக அரை மணித்தியாலம், திரும்ப இருபது நிமிடம், றோட்டு அதே றோட்டு.

#10 பாலியாறு

சோளகம் எண்ட உடன விளங்கிட்டுது. ஆனா நேரடி பிளேன் ஏன் விடேல்லை? அவ்வளவு தூரம் பறக்க ஏலாதோ?

#11 ஸ்காபரோ கிழவன்

பறக்க ஏலும். சிங்கப்பூர் – நியூயோர்க் 15,300 கிமீக்கு மேல, 18 மணித்தியாலத்துக்கு மேல ஒரே பறப்பு, கன காலமா ஓடுது. ஆனா அதுக்கெண்டே எண்ணெய் கூடக் கொள்ளுற பிளேன், சீற் குறைவு, காசு கூடின சனம். அவ்வளவு எண்ணெயைச் சுமக்கிறதுக்கே எண்ணெய் எரியும். ஸ்காபரோவில எங்கட சனம் கனக்க எண்டாலும், நாளாந்தம் ஒரு பிளேன் நிரம்பிற மாதிரிக் கட்டுநாயக்காவுக்குப் போறதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும் மட்டும் முட்டி வழியும்.

#12 ஏநைன் ஓட்டி

பிளேனைப் பற்றியே கதைக்கிறியள். நான் விமான நிலைய ஓட்டம் ஓடுறவன், பதினொரு வருசம். தங்கச்சி, அம்மாவின்ர பயணத்தில ஆக அலுப்பான துண்டு உங்கட கேற்றில இருந்து கட்டுநாயக்கா வரைக்கும்தான். எழுதி வையுங்கோ.

விசுவமடுவில இருந்து பரந்தன், அங்கால கிளிநொச்சி. முறிகண்டியில நிக்காமல் போக ஏலாது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, பதினைஞ்சு நிமிசம். வெளிநாடு போற வீட்டுக்காரர் எண்டால் அரை மணித்தியாலம், ஒவ்வொருத்தரும் தனித்தனியத் தேங்காய் உடைப்பினம். பிறகு மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. மதவாச்சி, அனுராதபுரம், நொச்சியாகமம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. எல்லாமா ஒரு 320 கிமீ. இரவில நொச்சியாகமத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில வில்பத்துக் காட்டுக் கரை, யானை நிக்கும். ஏநைன் (ஏ9) றோட்டில மாடு நிக்கும். யானை லைற்றைக் கண்டால் காதை ஆட்டும், விளங்கும். மாடு ஒண்டும் செய்யாது, றோட்டு நடுவில படுத்தபடி எங்களையே பார்க்கும்.

நல்லா ஓடினால் ஆறரை. வயசான ஆளோட, சலம் போக நிப்பாட்டி, தேத்தண்ணி குடிச்சு எண்டால் ஏழரை. விடிய 3 மணி பிளேனுக்கு 12க்கு உள்ள நிக்கோணும். நான் எண்டால் பின்னேரம் 3 மணிக்கு வெளிக்கிடுவன். சில பேர் 5 மணிக்கு வெளிக்கிட்டு "அண்ணை, கொஞ்சம் மிதியுங்கோ" எண்டுவினம். மிதிக்கிறது எனக்குப் பெரிய விசயமில்லை, மாட்டுக்குத்தான் தெரியாது.

கணக்கைப் பாருங்கோ: டுபாய்க்கு 3,290 கிமீ, நாலரை மணித்தியாலம். என்ர வானில 320 கிமீ, ஏழு மணித்தியாலம்.

இன்னொண்டு. வழியனுப்ப ஒரு வான் நிறைய ஆள் ஏத்தாதேங்கோ. போன வருசம் ஒரு குடும்பம், பதின்மூண்டு பேர். போறவருக்குச் சீற் இல்லை. அந்த மனுசன் தன்ர சூட்கேசுக்கு மேல இருந்து நீர்கொழும்பு வரைக்கும் வந்தவர்.

#13 நெத்தலியாறு

அண்ணை, நாங்கள் பதினொரு பேர் எண்டு யோசிச்சிருந்தனாங்கள். குறைக்கிறம்.

#14 முறிகண்டி கச்சான்

பலாலியில இருந்து போகலாமே? கிளிநொச்சியில இருந்து எண்பது சொச்சம் கிமீதான். எல்லாரும் ஏன் தெற்கால ஓடுறியள்?

#15 ஸ்காபரோ கிழவன்

நானும் ஒருக்கா அந்த ஆசையில போனனான். பலாலி – சென்னை 360 கிமீ கூட வராது, சின்ன ஏடிஆர் பிளேன், ஒண்டேகால் மணித்தியாலம். வேட்டி மடிச்சுக் கட்டுறதுக்குள்ள இறங்கிடும். பிரச்சினை அதுக்குப் பிறகு. சென்னையில இருந்து கனடா ரிக்கற் தனியா எடுத்திருந்தால், அங்க வெளிய வந்து பெட்டியைத் தூக்கி, திரும்ப உள்ள போகோணும். அதுக்கு இந்திய விசா வேணும். சின்னப் பிளேன், பெட்டி நிறையும் குறைவு. முதல் பிளேன் பிந்தினால் ரெண்டாவதுக்காரன் பார்த்துக்கொண்டு நிக்கமாட்டான், ரிக்கற் போச்சு. எனக்குப் போனது. எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்லை, வழக்கு இன்னும் முடியேல்லை.

முழங்கால் வருத்தக்கார அம்மாவைத் தனியா அந்த வழியால அனுப்பாதேங்கோ. ஒரே ரிக்கற்றா டுபாய்க்கால போறது நல்லது. பெட்டி நேர ரொறன்ரோவில வரும்.

#16 கண்டாவளை வாத்தியார்

பலாலி பற்றிச் சிறு குறிப்பு. எயர் சிலோனின் முதல் பறப்பு 1947 டிசம்பர் 10, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. விமானம் டக்கோட்டா. "காங்கேசன்துறை" என்று அவர்கள் சொன்னது பலாலியைத்தான். எங்கள் ஐயா அந்தக் காலத்தில் சென்னைக்குப் போய்ப் புடைவை எடுத்து வந்த ஆட்களைப் பற்றிச் சொல்லுவார். பிறகு எத்தனை வருட மூடல். 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள், 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. எழுபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அதே சென்னைதான்.

#17 மல்லாவி மிஸ்ஸி

தங்கச்சி, நான் தாதி. நேரக் கணக்கு எல்லாரும் சொல்லிட்டினம், நான் அம்மாவின்ர உடம்பைப் பற்றிச் சொல்லுறன்.

வீல்செயார் முதலே கேட்டு ரிக்கற்றில பதிவிச்சுப்போடுங்கோ. "நான் நடப்பன்" எண்டு அம்மா கட்டாயம் சொல்லுவா, விடாதேங்கோ. டுபாயில கேற்றுக்குக் கேற் நடை எங்கட சந்தையைச் சுத்திற மாதிரி இல்லை. வீல்செயாரில போறாக்களைத் தள்ளிக்கொண்டு போறவையே அடுத்த பிளேனில ஏத்திவிடுவினம். அது முழங்காலுக்கு மட்டுமில்லை, வழி தெரியாததுக்கும் மருந்து.

ஜன்னல் சீற் வேண்டாம், நடக்கிற பக்கத்துச் சீற். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி பின்பக்கம் வரைக்கும் போய் வரச் சொல்லுங்கோ. பதினாலு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் வீங்கும், காலில இரத்தம் கட்டிற ஆபத்தும் இருக்கு. எங்கட அம்மாக்கள் என்ன செய்வினமெண்டால், கக்கூசுக்குப் போகவேண்டி வருமெண்டு தண்ணியே குடிக்க மாட்டினம். அதுதான் கூடாது.

குளிசை எல்லாம் கைப்பையில, டொக்டர் எழுதின துண்டோட. பெரிய பெட்டியில போடவேண்டாம். பிறசர், சீனி ஏதும் இருந்தால் எந்த நேரத்துக்கு எதைப் போடுறதெண்டு கிளினிக்கில டொக்டரிட்டக் கேட்டு ஒரு தாளில எழுதிக் குடுங்கோ. "காலமை, இரவு" எண்டு எழுதினால் அம்மா குழம்பிப்போவா. இந்தப் பயணத்தில காலமை ரெண்டுதரம் வரும்.

#18 ஸ்காபரோ கிழவன்

ஒடியல், கருவாடு, மோர்மிளகாய் எது கொண்டு வந்தாலும் "சாப்பாட்டுச் சாமான் இருக்கு" எண்டு இங்க இறங்கேக்க சொல்லோணும். சொன்னால் பார்த்துப்போட்டு விடுவினம், இல்லாட்டி எடுப்பினம். சொல்லாமல் பிடிபட்டால் தண்டம்.

#19 நெத்தலியாறு

எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பின்னேரம் 3 மணிக்கு வெளிக்கிட்டு, 12 மணித்தியாலம் வானும் விமான நிலையமும். பிறகு இருபத்திரண்டரை. இறங்கி, முத்திரை குத்தி, பெட்டி எடுத்து, அத்தானோட 401 றோட்டில அக்கா வீடு போக இன்னும் ரெண்டு. முப்பத்தாறரை. அக்கா சொன்ன ஒன்றரை நாள் சரி.

அம்மா எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒண்டே ஒண்டு கேட்டா: "அங்க புது நேரமோ பழைய நேரமோ?"

எனக்கு விளங்கேல்லை. ஆருக்கும் விளங்குதோ?

#20 ஏநைன் ஓட்டி

உனக்கு எத்தனை வயசு தங்கச்சி? 2000க்குப் பிறகு பிறந்த ஆள் போல.

96ஆம் ஆண்டு கரண்டை மிச்சம் பிடிக்கவெண்டு அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது. முதல் ஒரு மணித்தியாலம், அதே வருசம் அரை மணித்தியாலமாக் குறைச்சது. புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில அதை ஏத்துக்கொள்ளேல்லை, இங்க பழைய நேரம்தான் ஓடினது. 2006 சித்திரையில கொழும்பு திரும்பப் பழைய நேரத்துக்கு வரும் வரைக்கும் பத்து வருசம் நாட்டுக்குள்ள ரெண்டு நேரம். கலியாணக் காட்டில "பழைய நேரம் 9.15" எண்டு அடிப்பினம். பாதை திறந்த காலத்தில நான் மினிபஸ்ஸில கிளீனர். ரெண்டு நேரத்துக்கும் எல்லையான ஓமந்தையைத் தாண்டினால் சனம் கையைத் தூக்கி மணிக்கூட்டை முன்னுக்குத் திருகும். திரும்பி வரேக்க பின்னுக்குத் திருகும். வவுனியாவில 6 மணி பஸ்ஸுக்கு எங்கட ஆக்கள் தங்கட 6 மணிக்குப் போய் நிண்டு, பஸ் போய் அரை மணித்தியாலம் எண்டு திட்டு வாங்கினதும் இருக்கு.

ஒன்பதரை மணித்தியாலத்தை அம்மாவுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

#21 கண்டாவளை வாத்தியார்

டுபாயில் ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு, ரொறன்ரோவில் இன்னும் எட்டு மணித்தியாலம் பின்னுக்கு. அம்மாவிடம் "ரெண்டு ஓமந்தை இருக்கு" என்று சொல், போதும்.

#22 நெத்தலியாறு

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், குறை நினைக்காதேங்கோ. அம்மா போய்ச் சேர்ந்திட்டா. அக்காவுக்குப் பெட்டைக்குஞ்சு. ரெண்டு பேரும் சுகம்.

வானில ஏழு பேர்தான் போனது. டுபாயில வீல்செயார் தள்ளினது ஒரு கேரளாப் பெடியன், அம்மா தமிழில கதைக்க அவன் மலையாளத்தில கதைச்சு, ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கினதாம். பக்கத்துச் சீற் பிள்ளை முன்னுக்கிருந்த திரையில பிளேன் போற படத்தைப் போட்டுக் காட்டினதாம். அம்மா பதினாலு மணித்தியாலமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தவ. கிறீன்லாந்து எண்டு பேர் வந்த உடன "வாத்தியார் சொன்ன காம்பு" எண்டு சொன்னாவாம், அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை.

கை மணிக்கூட்டை மட்டும் திருப்பேல்லை. இப்பவும் விசுவமடு நேரம்தானாம். சுவர் மணிக்கூடு புது நேரம், கைமணிக்கூடு பழைய நேரம் எண்டு சொல்லுறா.

"அலுப்போ அம்மா" எண்டு கேட்டன். "பிளேன் பரவாயில்லைப் பிள்ளை. அந்த வான்காரன் புத்தளத்தில கொத்து தின்ன முக்கால் மணித்தியாலம் நிண்டதுதான்" எண்டா.

#23 ஏநைன் ஓட்டி

அது நானில்லை.

#24 புதுக்குடியிருப்பான்

வணக்கம், இப்பதான் இதைப் பார்த்தனான். லண்டன் போக எத்தனை மணித்தியாலம் எடுக்கும்? 11 எண்டு போட்டிருக்கு.

#25 ஏநைன் ஓட்டி

புதுக்குடியிருப்பில எவடம்?